ஆட்டம் தொடங்கும் இடம்

சத்திரம் வேண்டாம். பகடை உருட்டிக் கதை வளர்க்கிற இந்த ஆட்டத்தை நடத்துகிறவர்களில் பாதிப் பேர் சத்திரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். முன்பின் தெரியாத நாலு வழிப்போக்கர்கள், ஒரு நீளமான மேசை, மூலையில் முக்காடு போட்ட ஒருவன் கையில் கிழிந்த வரைபடம், அவ்வளவுதான், உலகம் தயார். ஆனால் சத்திரம் என்றால் ஒரு குடிகாரனாவது இருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுப் பெண்ணை அவள் அப்பன் கற்பனையில்கூடக் குடிகாரன் பக்கத்தில்தான் உட்கார வைத்தான் என்று என் மனைவி சுகந்தியின் வக்கீல் மனுவில் ஒரு பாரா சேர்ப்பார். சேர்க்க மாட்டார். சேர்த்தாலும் சேர்ப்பார், பாவம், என்னைப் பற்றி எழுத அவருக்கு விஷயமே கிடைக்கவில்லை. நான் குடிப்பதில்லை, கை நீட்டினதில்லை. 'எதிர்மனுதாரர் வீட்டில் எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறவர்' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு அவரும் எத்தனை பக்கத்துக்குத்தான் இழுப்பார். சரி, சத்திரம் இல்லை. சந்தை? சந்தையில் கூட்டம் இருக்கும், கூட்டத்தில் குழந்தை தொலையும். வேண்டாம். மின்விசிறி தலைக்கு மேல் டக் டக் என்று சுற்றுகிறது, ஃபினாயில் வாசனையும் யாரோ கொட்டிய மாம்பழ ஜூஸ் வாசனையும் சேர்ந்து வருகிறது, எதிர்ச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள், உத்தரம் குறுக்கே வந்துவிட்டதால் அதன் கழுத்தைப் பாதியில் மடித்துத் திருப்பியிருக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்து வலிக்கிறது. குடும்ப நீதிமன்றத்தோடு சேர்ந்த குழந்தைகள் மையம் இது. பிரிந்து வாழ்கிற அப்பா அம்மாக்களில் யாரிடம் பிள்ளை இல்லையோ அவர்கள் சனிக்கிழமை வந்து ரெண்டு மணி நேரம் பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகலாம். நான் எப்போதும் சீக்கிரம் வந்துவிடுவேன், சுவரோரம் இருக்கிற இந்தக் குட்டை மேசையைப் பிடிக்க. இங்கே உட்கார்ந்தால் வாசல் தெரியும், அமி வருவது தெரியும்.

அமி என்பது அமிழ்தினி. பேர் வைத்தது நான்தான். மூன்று சீட்டில் பேர் எழுதி ஒன்றை எடுக்கச் சொன்னேன் சுகந்தியை, மூன்று சீட்டிலும் அமிழ்தினிதான் எழுதியிருந்தது என்று அவள் ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக் கிண்டல் செய்வாள், இரண்டில்தான் எழுதியிருந்தேன். போன வாரம் வரைக்கும் எத்தனையோ சனிக்கிழமை அமி இங்கே வந்து, எதிரே உட்கார்ந்து, கேட்டதற்கு ம், ம்ஹூம் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டுப் போனாள். 'அப்பா' என்று கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த வார்த்தை வராத மாதிரி வாக்கியத்தை வளைத்துக்கொள்கிறாள், தெருவில் பள்ளத்தைப் பார்த்து சைக்கிளை வளைக்கிற மாதிரி. போன வாரம் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "ஃப்ரெண்ட்ஸோட ஒரு டைஸ் கேம் ஆடுவீங்கல்ல, கதை மாதிரி. அது எப்படி ஆடறது?" "அடுத்த வாரம் எடுத்துட்டு வர்றேன்" என்றேன். "ம்" என்றாள். அது வேறு ம். ஒரு வாரமாக அந்த ஒரு ம்-மை வைத்துக்கொண்டுதான் வண்டி ஓடுகிறது. ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒருத்தர் நடத்துவார், மற்றவர்கள் ஆடுவார்கள். நடத்துகிறவர் ஓர் இடத்தைச் சொல்லுவார், இதோ காடு, இதோ பாழடைந்த கோட்டை, என்ன செய்கிறாய்? ஆடுகிறவர் அந்த இடத்தில் தானும் ஓர் ஆளாக நின்று, செய்வதைச் சொல்லுவார். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும், பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. ஜெயிப்பது தோற்பது கிடையாது, கதை வாரா வாரம் போய்க்கொண்டே இருக்கும். வாரா வாரம். அந்த இடத்தில்தான் எனக்கு ஆசை பிடித்தது. ஏனென்றால் அடுத்த வாய்தாவில் நீதிபதி அமியைத் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார், அப்பாவைப் பார்க்கத் தொடர்ந்து வர இஷ்டமா என்று. என் வக்கீல் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். "வெவரம் தெரிஞ்ச பொண்ணு சார். அது வாயாலயே வரமாட்டேன்னு சொல்லிட்டா அப்புறம் நான் என்ன வாதாடினாலும் எடுபடாது." வாய்தாவுக்கு முன்னால் எனக்கு இருப்பது இந்த ஒரு சனிக்கிழமைதான்.

அதனால்தான் ஆரம்பம் என்று இப்படி அலைகிறேன். ஆரம்பம் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும், ஆரம்பம் சொதப்பினால் தலைகீழாக நின்றாலும் ஒட்டாது. ஒரு வாரமாக உலகம் உலகமாகக் கட்டி இடித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ராஜா ராணி இருக்கிற நாடு, ஆபீசில் ஒரு காகிதத்தின் பின்பக்கம் வரைந்தேன். ராஜாவுக்கும் ராணிக்கும் ஓர் அரண்மனை போதுமே, மலைக்கு அந்தப் பக்கம் எதற்கு இன்னொன்று வரைந்தேன்? கை பாட்டுக்கு வரைந்திருக்கிறது. அந்த இரண்டாவது அரண்மனைக்கு நான் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. கிழித்துப் போட்டேன். சரி, ராஜாவும் வேண்டாம் ராணியும் வேண்டாம், ஒரு பெண் துணிச்சலாக வாளும் கையுமாகக் கிளம்புகிறாள். கிளம்புகிறவளுக்கு வீடு எங்கே? இந்தக் கதைகளில் வீரர்கள் எல்லாருமே அனாதைகள், ஏன் என்று இப்போதுதான் புரிகிறது, அப்பா அம்மா இருந்தால் அந்த வயதில் யார் வெளியே விடுவார்கள். ஆக முதல் வரியிலேயே என்னையும் சுகந்தியையும் கொல்ல வேண்டும், காய்ச்சலிலோ தீயிலோ. நான் சாவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுகந்தியைக் கொல்ல மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அமி வீட்டுக்குப் போய் 'கதையில உன்னக் கொன்னுட்டாரும்மா' என்று சொல்லிவிடுவாளே என்ற பயமும்தான். வேறு. கண் விழிக்கிறாய், ஓர் அறை, கதவு வெளியே பூட்டியிருக்கிறது. பழைய உத்தி, ஆனால் நன்றாக வேலை செய்யும், உடனே எழுந்து சுவரைத் தட்டுவார்கள், ஜன்னலை உலுக்குவார்கள். அதை இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது, வாசலில் மையத்தைப் பார்த்துக்கொள்கிற ஃபிலோமினா மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நேரம் முடியாமல் எந்தப் பிள்ளையையும் வெளியே கூட்டிப்போகக் கூடாது. நீ யார் என்பதே உனக்கு மறந்துவிட்டது என்று ஆரம்பித்தால்? அப்பா யார் என்பதும் மறந்திருக்கும். சும்மா இருடா. பிறகு ஒரு தீவு கிடைத்தது. நடுக்கடலில் ஒரு தீவு, அங்கே போன ஒருவர் திரும்பவில்லை, அவரைத் தேடிப் போக வேண்டும். சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. தீவுக்குப் பேர் வைத்தேன், கலங்கரை விளக்கம் வைத்தேன், திரும்பாத ஆளுக்குத் தாடி வைத்தேன். கை கழுவப் போனபோது கண்ணாடியில் அதே தாடி. என் மகளை என்னையே தேட அனுப்பப் பார்த்திருக்கிறேன், அதுவும் நடுக்கடலுக்கு. வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வெட்கத்தில் கட்டினதுதான் ஊர். தேன்குறிச்சி என்று பேர். வழக்கு இல்லாத ஊர், பிரிந்தவர்கள் இல்லாத ஊர், யாரும் யாரையும் தேடாத ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கதை வந்து இடிக்காத மாதிரி ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வைத்தேன். பணியாரம் சுடுகிற அஞ்சலைக்கு இடது காது கேட்காது, வலது பக்கமாகப் போய்த்தான் கேட்க வேண்டும். கொல்லன் பட்டறைக்குப் பின்னால் சந்து, சந்து முடிகிற இடத்தில் கிணறு, கிணற்றுக்கு உருளை புதிது. தெருவில் யார் வீட்டில் எந்த மரம் என்று எனக்குத் தெரியும். எல்லாம் முடித்துவிட்டு, சரி, அமி எங்கே நிற்பாள் என்று பார்த்தேன். நிற்க இடம் இல்லை. எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள், எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறார்கள், அவள் வந்து சொல்வதற்கோ செய்வதற்கோ ஒன்றும் மிச்சம் இல்லை. என் தொழில் அப்படி, என்னைச் சொல்லிக் குற்றமில்லை. மாடுலர் கிச்சன் வடிவமைக்கிறேன். ஒரு வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் நின்றால் போதும், அந்த அம்மா வலது கைப்பழக்கமா இடது கைப்பழக்கமா, குக்கரை எங்கே தேடுவார், உப்பு ஜாடி எத்தனை தரம் எடுப்பார், எல்லாம் சொல்லிவிடுவேன். கஸ்டமர்கள் ஆச்சரியப்படுவார்கள். சுகந்தி ஆச்சரியப்படவில்லை. ஒரு தடவை அவள் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, எங்கள் அடுப்படியை முழுக்கப் பிரித்து மாற்றிக் கட்டினேன். மெதுவாக மூடுகிற டிராயர்கள், மூலையில் சுற்றுகிற தட்டு, பார்த்துப் பார்த்துச் செய்தது. அவள் வந்து நடுவில் நின்றாள். ஒரு கதவைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். "டீத்தூள் எங்க?" என்றாள். "மூணாவது டிராயர், எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்கேன்" என்றேன். "என் வீட்ல டீத்தூள் எங்கன்னு நான் கேட்டுத்தான் எடுக்கணுமாங்க?" என்று கேட்டாள், சண்டைக்கு இல்லை, மெதுவாகத்தான் கேட்டாள். இன்றைக்கும் சொல்கிறேன், டீத்தூளுக்கு மூன்றாவது டிராயர்தான் சரியான இடம். அடுப்பிலிருந்து கை நீட்டினால் எட்டும். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும். அவள் அந்த டீத்தூளைக் கடைசி வரைக்கும் மேடைமேலேயே வைத்திருந்தாள், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், அது என் கண்ணில் தினமும் குத்திக்கொண்டே இருந்தது.

டேவிட்சனும் ஏறக்குறைய இதையேதான் சொன்னான். நாகர்கோவில்காரன், வங்கியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் நாங்கள் நாலைந்து பேர் ஆடுவோம், நான் நடத்துவேன். ஒரு தடவை ஆட்டத்துக்காக மூன்று மாதம் உட்கார்ந்து கிழக்கே ஒரு கோட்டை கட்டியிருந்தேன், சுரங்கம், பொறி, பேசுகிற சிலை, ஒன்றும் குறை வைக்கவில்லை. இவர்கள் போகிற வழியில் ஆடு விற்கிற ஒருத்தனைப் பார்த்தார்கள். சும்மா ஒப்புக்கு வைத்த ஆள், வாயில் ஒரு பாட்டு கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். அவனோடு மேற்கே சந்தைக்குப் போகிறோம் என்றார்கள். மேற்கே இருந்த பாலத்தை உடைத்தேன். தெற்கே போகிறோம் என்றார்கள். கொள்ளைக்காரர்களை இறக்கினேன். வடக்கே என்றார்கள். வடக்கே பனி கொட்டியது, சித்திரை மாதம். "அப்ப உங் கோட்டைக்கு மட்டும் ரோடு நல்லா கெடக்கு, என்னா?" என்றான் டேவிட்சன். "மக்கா, நீ கத சொல்லல கேட்டியா, தண்டவாளம் போட்டு வெச்சிருக்க. நாங்க ஏறி இருந்தா மட்டும் போதும்." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு நல்ல பிள்ளைகளாகக் கோட்டைக்குப் போய், எல்லா அறையையும் பார்த்து, எல்லாப் புதிரையும் அவிழ்த்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு பேர் வரவில்லை. வேலை இருந்திருக்கும். எல்லாருக்கும் வேலை இருக்காதா என்ன. காலில் ஏதோ இடிக்கிறது. ரிமோட் கார். பக்கத்து மேசை அப்பா வாரா வாரம் ஏதாவது பொம்மை கொண்டுவருவார், மகன் வருவதற்கு முன்னாலேயே பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், "சாரி பாஸ்" என்கிறார், முகத்தில் வேர்வை. அவர் மட்டும் என்ன, எல்லாரும் ஏதோ ஒன்றைக் காட்டித்தான் கூப்பிடுகிறோம். அந்த மூலையில் ஓர் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடுகிறார், சூடு ஆறிவிடுமோ என்று பார்க்கத் திறக்கிறார், திறப்பதாலேயே ஆறிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக நேற்றுக் கிடைத்ததுதான் பெட்டி. இதுதான் முடிவு, இதில் மாற்றம் இல்லை. அமி ஒரு தூதுப் பெண். அவள் கையில் அரக்கு முத்திரை வைத்த ஒரு சின்னப் பெட்டி. மலை உச்சியில் இருக்கிற மணிக்கூண்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் திறக்கக் கூடாது. போகிற வழியில் பெட்டிக்குள்ளிருந்து அவ்வப்போது லேசாக ஒரு சத்தம் வரும். ரெண்டு மணி நேரத்துக்கு வழியைச் சரியாக அளந்து வைத்திருக்கிறேன், ஒரு குரங்குக் கூட்டம், ஒரு பொய் சொல்லும் சாமியார், ஓர் அறுந்த ஏணி. மேலே போய், முத்திரையை உடைத்து, மூடியைத் தூக்குகிறாள், உள்ளே... ஃபிலோமினா மேடம் வந்து நேரமாச்சு என்பார். மீதி அடுத்த வாரம். அடுத்த வாரத்துக்கு முன்னால் நீதிபதி கேட்பார், வர இஷ்டமா? பெட்டிக்குள் என்ன என்று தெரியாமல் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும். காலையில் இதை டேவிட்சனுக்கு போன் செய்து சொன்னேன், பாராட்டுவான் என்று. "சொந்தப் பிள்ளைக்கேவா மக்கா தூண்டி போடுத?" என்றான். உனக்கென்ன, உன் பிள்ளைகள் ரெண்டும் உன் மடியில் கிடக்கிறதுகள், நீ பேசுவாய் என்றேன். "சரிடே, விடு. பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு?" இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். "அப்ப அது வெறும் பெட்டி" என்றான். போனை வைத்துவிட்டேன். தூண்டில்தான். சரி, தூண்டில் என்றே வைத்துக்கொள்வோம். என்ன தப்பு? அவள் வராமலே போய்விட்டால் நான் நல்லவனாக இருந்து என்ன பிரயோஜனம். நல்ல அப்பாவாக வீட்டில் உட்கார்ந்து சனிக்கிழமையைச் சுவர்க் காலண்டரில் பார்க்கவா? எனக்கு அவள் வேண்டும். அவள் செருப்பு அளவு மாறினால் எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் எனக்கு நியாயம் பேசத் தெரியவில்லை.

இன்னும் காணோம். மற்ற பிள்ளைகள் வந்தாகிவிட்டது. ரிமோட் கார் இப்போது ஒரு சின்னப் பையனின் கையில், அவன் அதைச் சுவரில் மோதவிட்டு மோதவிட்டுச் சிரிக்கிறான், அவன் அப்பா அதைவிடச் சத்தமாகச் சிரிக்கிறார். பரீட்சை இருக்குமோ. சளியோ. போன வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், நான் கர்ச்சீப் நீட்டினேன், வாங்கவில்லை. வரவில்லை என்றால் சுகந்தி ஃபிலோமினா மேடத்துக்கு போன் செய்திருப்பாள், மேடம் என்னிடம் வந்து குனிந்து சொல்லுவார். மேடம் எழுந்திருக்கிறார். இல்லை, தண்ணீர் குடிக்கிறார். குரங்குக் கூட்டத்துக்கு முன்னால் சாமியாரை வைக்கலாமா? நேரம் குறைந்தால் ஏணியை எடுத்துவிட வேண்டும். ஏணியை எடுத்தால் மணிக்கூண்டுக்கு எப்படி ஏறுவாள், படி வைக்கலாம், படி வைத்தால் சுவாரஸ்யம் இல்லை. ஒருவேளை முடிவு செய்துவிட்டாளோ, நீதிபதி கேட்பதற்கு முன்னாலேயே. ஒரு ம்-மை வைத்துக்கொண்டு நான் என்னென்ன கட்டிவிட்டேன், பிள்ளைகள் எதையாவது கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள், ஸ்கூலில் யாரோ ஆடியிருப்பார்கள், அதுதான் கேட்டிருப்பாள், இந்நேரம் அவள் வேறு எதற்கோ போயிருப்பாள். வெளியே தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். சுகந்தியுடையது, குதிகால் கொஞ்சம் தேய்க்கிற நடை, கூட்டத்திலும் எனக்குத் தெரியும். அவள் உள்ளே வர மாட்டாள், அங்கே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். வாசலில் அமி. முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டியிருக்கிறாள். யார் வெட்டச் சொன்னது என்று வாய் வரைக்கும் வந்தது.

"முடி நல்லாருக்கு" என்றேன். "ம்" என்று எதிரே உட்கார்ந்தாள். நான் பையிலிருந்து பகடைகளை எடுத்து மேசையில் வைத்தேன், இருபது முகப் பகடையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை, அதைக் கவனித்தேன். "இதுல நான் யாரு?" "நீயே சொல்லலாம். பேரு வெச்சுக்கலாம்." யோசித்தாள். "பேரு வேணாம்." சரி, பேர் வேண்டாம். தொண்டையைச் செருமினேன், உன் கையில் ஒரு பெட்டி இருக்கிறது என்று ஆரம்பிக்க வேண்டும், அந்த ஒரு வரியைத்தான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அமி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பார்வை எனக்குத் தெரியும். டாக்டர் ஊசியை எடுக்கும்போது பார்ப்பாள், என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, கையையும் நீட்டிக்கொண்டு. ஒரு வாரமாக, வருஷக்கணக்காக, எல்லாப் பெரியவர்களும் இவள் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்து எங்கேயோ கொண்டுபோகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என்னால் அந்த வரியைச் சொல்ல முடியவில்லை. வேறு எதுவும் தயாராக இல்லை. தயாராக இல்லாமல் நான் வாயைத் திறந்ததே கிடையாது. "மழை பெஞ்சிட்டிருக்கு" என்றேன். "நீ ஒரு ஆத்தங்கரையில நிக்கிற. கரையில ஒரு பரிசல் இருக்கு. பரிசல்காரர் ஒருத்தர் அதுல உக்காந்திருக்கார். உன்னப் பாத்து, ஏறிக்கிறியாம்மான்னு கேக்கறார்." சொல்லி முடிப்பதற்குள் அக்கரையில் மலை முளைத்துவிட்டது, மலைமேல் மணிக்கூண்டு, பெட்டிகூட எங்கேயோ வந்து உட்கார்ந்துவிட்டது, என் புத்தி அப்படி. "என்ன பண்ற?" என்றேன். அமி பகடையை மேசையில் வைத்தாள். "ஏறல" என்றாள்.

ஏறல. எனக்குள் மூன்று யோசனைகள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. கரை இடிந்து விழலாம். புதரில் புலி உறுமலாம். பரிசல்காரர் கெஞ்சலாம், அக்கரையில் உடம்புக்கு முடியாத யாரோ காத்திருக்கிறார்கள் என்று. மூன்றும் வேலை செய்யும், மூன்றில் எதைச் சொன்னாலும் ஏறிவிடுவாள், அவள் அப்படிப்பட்ட பிள்ளைதான், ஏறச் சொன்னால் ஏறிவிடுவாள், வருஷக்கணக்காக ஏறிக்கொண்டுதானே இருக்கிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன், வலித்தது. "சரி. ஏறல" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "அப்ப என்ன பண்ணலாம்?" என்று என்னைக் கேட்டாள். "தெரியல. நீ சொல்றதுதான்." மின்விசிறி டக் டக் என்றது. "கல்லு இருக்கா அங்க?" "இருக்கு." "அதுல உக்காந்துக்கறேன்." உட்கார்ந்தாள். எனக்குக் கை பரபரத்தது, ஒரு படகாவது, ஒரு பறவையாவது விடலாமே என்று. விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "மீன் தெரியுதா தண்ணில?" என்றாள். "போட்டுப் பாரு" என்றேன். உருட்டினாள். மூன்று விழுந்தது. "தெரியல" என்றேன். "திருப்பிப் போடறேன்." இரண்டு. "ஒண்ணுமே தெரியல. ஒரே கலங்கல்." லேசாகச் சிரித்தாள், மூக்கு வழியாக, சத்தம் வராமல். நான் அதைப் பார்க்காத மாதிரி பகடையைப் பார்த்தேன். "அவர் பேரு என்ன?" "எனக்குத் தெரியாதே. கேட்டுப் பாரு." "வேணாம், கேக்கல." அஞ்சலையின் இடது காது வரைக்கும் தெரிந்தவனுக்கு இந்தப் பரிசல்காரருடைய பேர் நிஜமாகவே தெரியவில்லை. பிறகு அவள் கல்லிலிருந்து இறங்கி, கரையோரம் கொஞ்சம் நடந்தாள், திரும்பி வந்து அதே கல்லில் உட்கார்ந்தாள், ஒரு குச்சி கிடைக்குமா என்று போட்டுப் பார்த்தாள், கிடைத்தது, அதை வைத்து மண்ணில் ஏதோ கிறுக்கினாள், என்ன என்று நான் கேட்கவில்லை. அக்கரையில் இருந்த மலை கரைந்துபோயிருந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. இப்படியே ரெண்டு மணி நேரமும் போய்விட்டது. டேவிட்சன் பார்த்திருந்தால் இதை ஆட்டம் என்று ஒத்துக்கொள்வானா தெரியாது. கதை ஓர் அடி நகரவில்லை. அடுத்த வாரத்துக்கு இழுத்துவர ஒரு நூல்கூட என் கையில் இல்லை.

"டைம் ஆயிடுச்சு சார்" என்று ஃபிலோமினா மேடம் வாசலிலிருந்து சொன்னார். பக்கத்து மேசைப் பையன் அழ ஆரம்பித்தான். அமி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள், பகடைகளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினாள். நீதிபதி பற்றி அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொள்கிறான், நல்லபடியாகச் சொல்லும்மா என்று ஒரே வார்த்தை, யாருக்குக் கேட்கப் போகிறது. நான் பகடைகளைப் பைக்குள் போட்டேன். இரண்டடி போனவள் நின்றாள்.

"நான் அடுத்த தடவை வரலன்னா அவர் என்ன பண்ணுவாரு?"

"யாரு?"

"பரிசல்காரர்."

"அங்கதான் இருப்பாரு."

"நான் ஏறவே மாட்டேன்னு சொல்லிட்டாலுமா?"

"சொல்லிட்டாலும்தான்" என்றேன்.

அவள் யோசித்தாள். கழுத்தோரம் வெட்டின முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டாள். வாசலில் சுகந்தியின் நிழல் எழுந்து நின்றது.

"அப்போ அவருக்கு ஒரு குடை குடுங்க" என்றாள். "மழைல நனையறாருல்ல."